இலை கொட்டும் மாதத்தில் தந்தி

கோல கெட்டிலில் குளிர்காலம் வெயிலோடு வரும்.
தை பிறந்ததும் பால்மரம் இலையை விடத் தொடங்கி
மாசி பிறக்கையில் மொத்தத் தோட்டமும்
எலும்பும் வானமுமாய் நிற்கும்.
துரைமார் இதற்கு விண்டரிங் என்று பெயர் வைத்துப் போனார்கள்.
பனி பார்க்காத எங்களுக்கு
அந்தச் சொல் மட்டும் மிச்சம்.

மரத்துக்கும் பால் குறைவு. மாட்டுக்கும் குறைவு.
பதினொரு உருப்படியில் நான்குதான் கறவை.
மோட்டார் சைக்கிளில் இரண்டு கேன் தொங்கிய இடத்தில்
இப்போது ஒன்று.
மறுபக்கம் சாயாமலிருக்க
ஒரு செங்கல்லைக் கட்டியிருக்கிறேன்.
சரளா டீச்சர் தினமும் கேட்கிறார்,
செங்கல் லிட்டர் என்ன விலை என்று.

புல் காய்ந்து கயிறாகிவிட்டது.
தம்பி புவனேந்திரன் செம்பனை மட்டையை
மிஷினில் அரைத்துக் கொட்டுகிறான்.
புண்ணாக்குக் கடை ஆ லெக்
கணக்குப் புத்தகத்தைத் திறக்காமலே நீட்டுகிறார்;
அது திறந்து காட்டுவதைவிட மோசம்.

இந்தச் செலவில் ஒரு குதிரையும் உண்டு.
பினாங்கு ரேஸில் அதன் பெயர் கோல்டன் டெலிகிராம்.
பதினேழு ஓட்டம்; ஒருமுறைகூட முதலில் வரவில்லை.
அப்பா அதன்மேல் பணம் கட்டித் தோற்றார்,
கால் நொந்து விலைக்கு வந்தபோது
அதையே ஓட்டி வந்துவிட்டார்.
தோற்ற காசைக் கண்முன்னால் கட்டி வைக்க
ஆசைப்பட்டாரோ என்னவோ.
நாங்கள் தந்தி என்று கூப்பிடுகிறோம்.
பால் தராது. பாரம் இழுக்காது.
வாலால் ஈ ஓட்டிக்கொண்டு
முதல் வகுப்புப் பயணிபோல் மாடுகளைப் பார்க்கும்.

நேற்றிரவு சுட்டியைக் காணோம். நிறைமாதம்.
பட்டி வேலியில் ஒரு கம்பி தொய்ந்திருந்தது.
வேறு மாதமென்றால் விடியும்வரை அலைந்திருப்போம்.
இப்போது தோட்டமெங்கும்
அப்பளம் பரப்பியதுபோல் சருகு,
உடும்பு நடந்தாலும் ஊருக்குக் கேட்கும்.
விளக்கை அணைத்தோம். மூச்சைப் பிடித்தோம்.
இருபத்தொன்றாம் நம்பர் காட்டில், பள்ளத்துக்குள்,
யாரோ நீளமாகப் பெருமூச்சு விட்டார்கள்.

ஈன்று முடித்திருந்தாள்.
ஈரக் கன்றின்மேல் சருகு ஒட்டி,
தோட்டமும் அதைக் கொஞ்சம் நக்கிப் பார்த்தது போல.

மணி மூன்றரை. நான்குக்குக் கந்தக மிஷின் வரும்:
செம்பு நிறத்தில் எட்டிப் பார்க்கும் கொழுந்தைப்
பூஞ்சை தின்னாதிருக்க
காற்று தூங்கும் நேரத்தில் மஞ்சள் தூள் ஊதுவார்கள்.
தவசீலனுக்குப் போன் அடித்தேன்.
“காத்து எழும்பிட்டா என் வேலை போச்சுக்கா.
கால் மணி நேரம் தள்ளிப் போடுறேன்.”

கன்று நிற்கவில்லை. மோட்டார் இறங்காத பள்ளம்.
தூக்கப் பார்த்தேன்; நானும் அதுவும் வழுக்கி விழுந்தோம்.
தம்பி ஓடிப்போய்த் தந்தியை அவிழ்த்து வந்தான்.

ஐம்பது கிலோ ஆட்கள் ஏறிச் சாட்டை வீசிய முதுகில்
ஒரு கோணிச் சாக்கு,
அதன்மேல் குறுக்காகக் கன்று.
மிரண்டு ஓடுமென்று பயந்தேன்.
அது ஒவ்வோர் அடிக்கும் முன்
தரையிடம் ஏதோ கேட்டுக்கொண்டது.
நொந்த கால் மட்டும் கொஞ்சம் தாமதமாக விழுந்தது.
பின்னால் சுட்டி, முனகிக்கொண்டே,
தொங்கும் குளம்பை மூக்கால் தொட்டுத் தொட்டு.

மேடேறும்போது மிஷின் உறுமியது.
திரும்பினேன்.
விளக்கு வெளிச்சத்தில் மொட்டை மரங்களினூடே
மஞ்சளாய் எழுந்தது புகை,
அந்த இடத்தை மூடிக்கொண்டு.

பட்டி வாசலில் அப்பா, டார்ச்சோடு.
எண்ணினார்: மாடு, கன்று, மகன், மகள், குதிரை.
“இப்பவும் கடைசியாத்தான் வருது” என்றார்.
கழுத்தைத் தட்டிக்கொடுக்கவில்லை.
தன் காப்பிக்கென்று மடித்து வைத்திருந்த வெல்லக் கட்டியை
அதன் வாயருகே பிடித்துக்கொண்டு
எங்கோ பார்த்தபடி நின்றார்.

காலையில் ஒரு தூக்குச் சீம்பால்
தவசீலன் வீட்டுக்குப் போயிற்று.
செங்கல்லை இன்னும் அவிழ்க்கவில்லை.
கன்று குடித்தது போக
எவ்வளவு மிஞ்சுகிறதென்று பார்க்க வேண்டும்.